பாலிசிக்ஸைத் திறக்கும் முன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பரணில் பல வருஷமாகக் கிடந்த ஒரு கோர்க் பாலிசிக்ஸ் சின்தசைசர் என் கைக்கு வந்திருக்கிறது. பிளக்கை மாட்டினால் விளக்குகள் எரிகின்றன. ஆனால் கட்டையைத் தொடாமலேயே ஒரு ஸ்வரம் விடாமல் ஒலிக்கிறது. சேமித்து வைத்த ஒலிகளை, அதாவது பேட்ச்களை, அழைக்கும் பட்டன்கள் எதை அழுத்தினாலும் எதுவும் நடப்பதில்லை. எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றிவிடு என்கிறார்கள். அப்படியே மற்ற கருவிகளோடும் கணினியோடும் இணைக்கும் மிடி வசதியைச் சேர்த்து, ஒலியின் நிறத்தைச் செதுக்கும் ஃபில்டரையும் கொஞ்சம் முரட்டுத்தனமாக மாற்ற எனக்கு ஆசை. பழைய கருவியில் கை வைப்பதே பாவம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஓரளவு சால்டரிங் தெரியும். எங்கே ஆரம்பிப்பது?

கே.

அன்புள்ள கே,

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறியும் கெபாசிட்டரைக் காட்டவில்லை, பேட்டரியைக் காட்டுகின்றன.

பாலிசிக்ஸ் 1981-இல் வந்தது. அதன் 32 பேட்ச்களும் மறந்துபோகாமல் இருக்க, கே.எல்.எம்-367 என்ற போர்டில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை வைத்தார்கள். வயதான பேட்டரி கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே போர்டில் ஊர்ந்து பக்கத்துச் சிப்களின் கால்கள் வரை போய்விடும். கருவியின் மூளையும் அதே போர்டில்தான் இருக்கிறது. அதனால்தான் தானாகப் பாடுவதும், பட்டன்கள் மரத்துப்போவதும். இந்த மாடலில் இது மிகவும் பிரசித்தமான நோய்.

கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை வெட்டி எடுங்கள். கறை இருக்கும் இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு வையுங்கள். காரம் இருந்தால் லேசாக நுரைக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ தெரியும் தடங்களைச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி ஈயம் பூச வேண்டும். அப்புறம் மல்டிமீட்டரைத் தடம் அறுந்திருக்கிறதா என்று காட்டும் தொடர்ச்சி சோதனையில் வைத்து, சர்க்யூட் படத்தைப் பார்த்து ஒவ்வொரு தடமாகச் சரிபாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம்: மேலே பச்சைப் பூச்சு அப்படியே இருக்க, அடியில் செம்பு கரைந்துபோயிருக்கும். அறுந்த இடத்தில் மெல்லிய கம்பியால் பாலம் போடலாம். பொறுமை எல்லாம் இந்தச் சரிபார்க்கும் வேலைக்குத்தான் வேண்டும், சால்டரிங்குக்கு அல்ல.

புதிய பேட்டரியைப் போர்டிலேயே வைக்காதீர்கள். கம்பி நீட்டித் தள்ளி வையுங்கள். அடுத்த முறை கசிந்தாலும் சேதம் அங்கேயே நின்றுவிடும். லித்தியம் பட்டன் செல் போடுவதானால், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று கட்டாயம். இந்தச் சர்க்யூட் பழைய பேட்டரியைச் சார்ஜ் செய்யும்படி அமைந்தது; சார்ஜ் ஏறினால் லித்தியம் செல் வீங்கி வெடிக்கலாம்.

சரி, கெபாசிட்டர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நூறு இடத்தில் ஈயத்தை உருக்கினால் நான்கு இடத்தில் தடம் பெயர்ந்து வரும். பழைய கோளாறு எது, நீங்கள் புதிதாகச் செய்தது எது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. பவர் சப்ளையின் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் சூட்டில் காய்ந்திருக்கும், அவற்றை மட்டும் மாற்றலாம். அதற்கும் முன்னால், கருவியின் பின்புறம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். ஜப்பானில் விற்றவை 100 வோல்ட்டுக்கானவை. நேராக 230-இல் மாட்டினால் அத்தோடு முடிந்தது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டர்களில் சார்ஜ் கொஞ்சநேரம் தங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மின்னழுத்தங்கள் சரியாக வருகின்றனவா என்று அளந்த பிறகே மற்ற போர்டுகளை இணையுங்கள்.

கரகரக்கும் கண்ட்ரோல்களுக்கு அவற்றுக்கென்றே உள்ள கான்டாக்ட் கிளீனர் போதும். துரு நீக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள், யார் சொன்னாலும். உள்ளே இருக்கும், அளவைத் திருகிச் சரிசெய்யும் சின்ன டிரிம்மர்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம் ஒலிக்க இதில் ஆறு குரல்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது. கலைத்துவிட்டால் சர்வீஸ் மேனுவலோடு உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் நண்பரோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. வாசிக்கப்படாத சின்தசைசர் ஒரு பெட்டி, அவ்வளவுதான். மிடி வந்தது 1983-இல், பாலிசிக்ஸுக்குப் பிறகு. அதைச் சேர்ப்பதில் எந்தப் பாவமும் இல்லை, இதற்கென்றே தயாரான கிட்கள் கிடைக்கின்றன. ஆனால் பெட்டியில் புதிய ஓட்டை போடாமல், வேண்டாம் என்றால் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். நீக்கிய பாகங்களை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

ஃபில்டரை மட்டும் விட்டுவிடுங்கள். குரலுக்கு ஒன்றாக ஆறு எஸ்.எஸ்.எம் 2044 சிப்கள் இருக்கின்றன. ஒரு குரலுக்கு, மூல ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு இந்தக் கருவி இவ்வளவு தடிமனாக ஒலிப்பதற்குக் காரணம் அந்தச் சிப்களும், கடைசியில் வரும், பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பதுபோல் காட்டும் என்செம்பிள் எஃபெக்டும்தான். அதையும் மாற்றிவிட்டால் பாலிசிக்ஸ் எதற்கு? முரட்டு ஒலி வேண்டுமானால் வெளியே ஒரு டிஸ்டார்ஷன் பெடலை மாட்டிப் பாருங்கள். சில மாதம் வாசித்த பிறகும் ஆசை இருந்தால் எழுதுங்கள், பேசலாம்.

பழைய பேட்ச்கள் போயிருக்கும், கவலை வேண்டாம். இதில் கேசட் வழியாக ஏற்றும் வசதி உண்டு. தொழிற்சாலை பேட்ச்கள் இப்போது ஒலிக்கோப்பாகவே கிடைக்கின்றன. போனின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து டேப் உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போதும். சத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள்.