பசிக்குதா என்று யாரும் கேட்கவில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு 46 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு வருஷமாக என் சிறுவயதுக் கதையை நோட்டில் எழுதி வருகிறேன். எழுத எழுத மனசு ஆறும் என்றார்கள். எனக்கு அம்மா மேல் கோபம்தான் ஏறுகிறது.

எங்கள் வீட்டில் குழித்தறி. ஐப்பசி மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். தறி நின்றால் கூலி கிடையாது. அவித்த மரவள்ளிக் கிழங்கும் வரக்காப்பியும்தான் சாப்பாடு. ஒரு கிழங்கை நானும் தம்பியும் நூல் வைத்து அளந்து பங்கு போட்டுக்கொள்வோம். 1990 ஜூனில், எனக்குப் பதினோரு வயதில், அம்மா என்னை ஏற்காட்டில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மாமாவுக்குக் காப்பி எஸ்டேட்டில் வேலை. தம்பியை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

அத்தை வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் முதலில் அவர்கள் பிள்ளைகள், அப்புறம்தான் நான். அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்போதெல்லாம் சத்துணவில் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை போடுவார்கள். ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவாள், தம்பிக்குக் கொடுத்தனுப்பலாம் என்று அதைப் பைக்குள் ஒளித்து வைத்தேன். அம்மா வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. முட்டை நாறிப்போய் அத்தை அடித்தார். தம்பியை மட்டும் வைத்துக்கொண்டவளுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர முடியவில்லை.

இப்போது தம்பி, 'அம்மாவை அசிங்கப்படுத்தாதே, எழுதாதே' என்கிறான். அவனுக்கென்ன, அம்மா பக்கத்தில் படுத்து வளர்ந்தவன். என் வீட்டில் அந்தக் குறை வரவிடவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகளுக்குக் கேட்காமலே நான்கு தோசை வைப்பேன். மிச்சம் வைத்தால் மட்டும் எனக்குக் கோபம் வந்துவிடும். கொஞ்ச நாளாகத் தட்டை அறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். 'எனக்குப் பசிக்குதான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா' என்று எரிந்து விழுகிறாள். வயசு அப்படி, அதை விடுங்கள். அம்மா ஏன் தம்பியை வைத்துக்கொண்டு என்னை அனுப்பினாள்? அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது, கேட்கவும் வழியில்லை. நான் இதையெல்லாம் எழுதலாமா, கூடாதா?

பெயர் வேண்டாம், சேலம்

அன்புச் சகோதரி,

எழுதுங்கள். அதற்குத் தம்பியின் அனுமதி தேவையில்லை. மலைக்கு அனுப்பப்பட்டது நீங்கள், அவர் அல்ல. இந்தக் கேள்வியில் இதற்கு மேல் நான் நிற்கவில்லை. 'அதை விடுங்கள்' என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

உங்கள் மகள் சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அத்தை வீட்டைப் பற்றி நீங்கள் சொன்ன குறையும் அதுதானே? அங்கே இருந்தது அலட்சியம், இங்கே இருப்பது பாசம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்காமல் வைத்த தட்டின் முன்னால் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நான்கு தோசையும் பதினோரு வயதில் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியவை. அவற்றைச் சாப்பிட்டுத் தீர்க்கும் கடமை அவளுக்குக் கிடையாது.

1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் பட்டினி கிடந்தவர்களைத் தேற்றுவது எப்படி என்று அறிவதற்காக, 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரை வயிற்றோடு இருந்தார்கள். நினைப்பு முழுக்கச் சாப்பாடுதான். சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். அப்புறம் வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்தபோதும், பலருக்கு வயிறு முட்டிய பிறகும் பசி அடங்கவில்லை. ஆறு மாதத்துக்கே இப்படி. மழைக்கு மழை பட்டினி பார்த்து வளர்ந்த நீங்கள், மிச்சம் வைத்த தோசையைக் கண்டு பதறுவதில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பதற்றத்தை மகள் மேல் கோபமாக இறக்குவது தவறு. உடனே நிறுத்துங்கள்.

அம்மா விஷயத்தில் ஒன்று கவனித்தேன். பட்டினி கிடந்த வீட்டைச் சொல்லும்போது, நூல் வைத்துக் கிழங்கு அளந்ததை எழுதுகிறீர்கள். எனக்கு அதில் இரண்டு பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சோறு கிடைத்த மலைக்கு வந்ததும் எழுத்தே கசந்துபோகிறது. அம்மா உங்கள் வயிற்றை மட்டும் பார்த்து முடிவெடுத்தார். போக இஷ்டமா என்று உங்களிடம் கேட்கவில்லை. கோபப்பட உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் தட்டு நிறைந்தால் போதும் என்று நம்புகிற விஷயத்தில் நீங்கள் அச்சு அசலாக அவருடைய மகள்தான். வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன். தறி நின்ற வீட்டில் அந்த இரண்டு ஞாயிறும் பஸ்ஸுக்குக் காசு இருந்ததா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. முட்டையை எழுதும் பக்கத்தில் அதையும் எழுதிப் பாருங்கள்.

மகள் இளைத்துப் போயிருக்கிறாளா, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய்விடுகிறாளா என்று கவனியுங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எதுவும் இல்லையென்றால், இன்று ராத்திரி தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும் முன் அவள் அறைக் கதவைத் தட்டி, பசிக்குதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.