நாலாயிரம் சைக்கிள்

அன்புள்ள சார்,

வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தரைத்தளம். எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி ஐந்து வருஷம்கூட ஆகாமல் படுத்துவிட்டது. கடையில் கேட்டால், "இன்னுமா தண்ணி ஊத்துற பேட்டரி? லித்தியம் போடுங்க. நாலாயிரம் சைக்கிள். மறந்தே போயிடலாம்" என்கிறார். விலை, தண்ணீர் ஊற்றுகிற ட்யூபுலர் ஈய பேட்டரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்பாவோ ஈய பேட்டரிதான் கெட்டி, மற்றதெல்லாம் தீப்பிடிக்கும் என்கிறார். எனக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. அம்மாவுக்கு வீசிங் உண்டு, ராத்திரியில் ஆவி மிஷின் (நெபுலைசர்) வைக்க வேண்டியிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நீங்கள் எலெக்ட்ரிகல் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன், எதை வாங்கலாம்? இன்னொன்று, இத்தனை பவர் ஸ்டேஷன்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் இன்வெர்ட்டர் வாங்குவது வேடிக்கையாக இல்லையா?

கே., வியாசர்பாடி

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேடிக்கைதான். எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். அத்திப்பட்டும் வல்லூரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் பேசின் பிரிட்ஜில் கேஸ் டர்பைன் இருக்கிறது. ஆனால் அங்கே உற்பத்தியாகிற கரண்ட் உயரழுத்த லைனில் ஏறி மாநிலம் முழுக்கப் போகிற கிரிட்டில் கலந்துவிடுகிறது. அப்புறம் துணை மின் நிலையம், டிரான்ஸ்ஃபார்மர், தெருமுனை பில்லர் பாக்ஸ் என்று சுற்றித்தான் உங்கள் மீட்டருக்கு வர வேண்டும். அந்த பில்லர் பாக்ஸ் தண்ணீரில் நின்றால் பக்கத்தில் எத்தனை மெகாவாட் இருந்தும் பிரயோஜனமில்லை. சாம்பல் மட்டும்தான் நமக்கு நேராக வரும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். கடைக்காரர் சொன்ன நாலாயிரம் சைக்கிள் பொய்யில்லை. நல்ல லித்தியம் பேட்டரியை அத்தனை முறை இறக்கி ஏற்றலாம் என்றுதான் கம்பெனிக்காரர்களும் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் வருஷத்துக்கு எத்தனை முறை பேட்டரி முழுசாக இறங்குகிறது? பராமரிப்புக்காக என்று காலை 9 மணியிலிருந்து 2 மணி வரை நிறுத்துவது ஒரு கணக்கு. கோடையில் எல்லா வீட்டிலும் ஏசி போட்டு லோடு ஏறி, நடுராத்திரியில் ஃபியூஸ் போவது இன்னொரு கணக்கு. தாராளமாக வருஷத்துக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாயிரத்தை நாற்பதால் வகுத்தால் நூறு வருஷம். அதற்குள் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு எப்போதோ போயிருக்கும். தினமும் சார்ஜ் போட்டு ஓட்டுகிற எலெக்ட்ரிக் ஆட்டோக்காரருக்கும், மாடியில் சோலார் வைத்து ராத்திரியெல்லாம் பேட்டரியில் ஓட்டுகிறவருக்கும் அந்த எண் முக்கியம். 2012இல் சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேரம் வெட்டினார்களே, அப்போது நமக்கும் முக்கியமாக இருந்திருக்கும். இன்று உங்கள் வீட்டுக்கு அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது.

நம் பக்கத்து வீடுகளில் பேட்டரி உழைத்துச் சாவதில்லை. தண்ணீர் வற்றி, வெக்கையில் வெந்து, கவனிப்பாரில்லாமல் சாகிறது. உங்களுடைய பழைய பேட்டரியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆறு மூடி இருக்கும். மூடியில் உள்ள மிதவை கீழே இறங்கிச் சிவப்புக்கு வந்திருந்தால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். தகடு வெளியே தெரிகிற அளவுக்குக் காய்ந்துவிட்டால், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் அந்தப் பகுதி பழையபடி திரும்பாது. சிலர் அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். சிலர் ஆர்.ஓ. தண்ணீர் சுத்தம்தானே என்பார்கள். இரண்டும் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான். ஆசிட்டும் ஊற்றக் கூடாது, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்.

வெக்கையைப் பற்றி யாரும் கடையில் பேசுவதில்லை. பேட்டரியின் ஆயுளைக் கம்பெனிக்காரர்கள் 25, 27 டிகிரியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மே மாதம் ஷீட் போட்ட வீட்டில், காற்று நுழையாத மூலையில் கட்டிலுக்கடியில் வைத்தால் ஐந்து வருஷம் வராததில் என்ன ஆச்சரியம்? இன்னும் சில வீடுகளில் அதை சாமி அலமாரிக்குக் கீழே வைத்திருப்பார்கள். சார்ஜ் ஏறும்போது ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். மேலே விளக்கு எரியும். அதைப் பார்த்தால் எனக்குக் கைகால் பதறும்.

அப்பா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஈய பேட்டரி 1859இல் பிரான்சில் பிளாந்தே என்பவர் செய்தது. அதை ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர் மூலக்கடை வரை நடந்தால் நாலு பேர் கிடைப்பார்கள். ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்சி அடர்த்தி பார்த்து, ஐந்து செல்லில் 1240, ஒன்றில் மட்டும் 1150 என்று படித்து, "இந்த செல் அவுட்டு" என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். சாவதற்கு முன்னால் அது நோட்டீஸும் கொடுக்கும். நாலு மணி நேரம் வந்தது மூன்றாகும், அப்புறம் ஒன்றாகும். செத்த பிறகும் ஈயத்துக்கு விலை உண்டு, புதிதில் கழித்துக்கொள்வார்கள்.

லித்தியம் அப்படியில்லை, மூடி முத்திரை வைத்த பெட்டி. உள்ளே செல்களைக் காவல் காக்க பி.எம்.எஸ். என்றொரு போர்டு. அது கெட்டால் செல்லெல்லாம் நன்றாக இருந்தும் பெட்டி பேசாது. நம் தெரு மெக்கானிக் அதைத் தொடமாட்டார், கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பழையதை எடைக்குப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் தேறாது.

தீப்பிடிக்கும் என்ற பயத்தை மட்டும் அப்பா கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். செல்போன் பேட்டரி வெடித்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இன்வெர்ட்டருக்கு வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். போனில் இருப்பதைவிட சூட்டைத் தாங்கும், எளிதில் பற்றிக்கொள்ளாது. பெட்டியில் அதன் சுருக்கமாக எல்.எஃப்.பி. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போடாததை, ஊர் பேர் தெரியாத அசெம்பிள் பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 150 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலருக்கு பதிலாக 100 ஏ.ஹெச். லித்தியம் போதும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். ஏமாற்றுகிறார் என்று தோன்றும், ஆனால் சரியான கணக்குதான். 150 ஏ.ஹெச். பேட்டரியில் இருப்பது மொத்தம் 1.8 யூனிட் கரண்ட். அந்த 150 என்பதே இருபது மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல இழுத்தால் கிடைப்பது. நாம் இரண்டு ஃபேனும் லைட்டும் போட்டு வேகமாக இழுக்கும்போது அவ்வளவு வராது, அடி வரை இறக்கினால் பேட்டரிக்கும் கேடு. கைக்கு வருவது 1.1 யூனிட் சுமாருக்கு. 100 ஏ.ஹெச். லித்தியத்தில் 1.28 யூனிட், அதில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிடலாம். ஆக இரண்டும் ஒன்றுதான். கூடவே லித்தியம் மூன்று நாலு மணி நேரத்தில் நிறைந்துவிடும், ஈயத்துக்கு பத்து மணி நேரம்கூட ஆகும். கரண்ட் வந்து வந்து போகிற ராத்திரியில் இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் பேட்டரிக்குக் காசு கொடுப்பதற்கு முன் தலையை நிமிர்த்தி உங்கள் ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று புது மாதிரி மோட்டாரோடு வருகிற ஃபேன் 30 வாட் சுமாருக்கு. இரண்டு பழைய ஃபேன், மூன்று எல்.இ.டி. பல்பு, வைஃபை பெட்டி என்றால் ஏறக்குறைய 190 வாட். ஃபேன்களை மாற்றினால் 100. அதே பேட்டரி ஐந்தரை மணி நேரத்துக்கு பதிலாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். கரண்ட் இருக்கிற நாளிலும் பில் குறையும். அல்லது ஃபேனை மாற்றிவிட்டு 100க்கு பதிலாக 60 ஏ.ஹெச். லித்தியம் வாங்குங்கள். ஃபேன் விலையில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும். பேட்டரி விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார், சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இப்போது வெள்ளம். 2023இல் உங்கள் சுவரில் விழுந்த தண்ணீர்க் கறை இன்னும் இருக்குமே, அதற்கு மேலேதான் எந்த பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்க வேண்டும். ட்யூபுலர் ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கி நிறுத்த வெல்டிங் கடையில் ஆங்கிள் அடித்து ஸ்டாண்டு போட வேண்டும். போடலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் பார்க்க ஸ்டூல் மேல் ஏறப் போவது யார்? நீங்கள் ஒரகடத்தில் இருப்பீர்கள். அப்பாவுக்குக் கெட்டியான பேட்டரி பிடிக்கும், ஸ்டூல் ஏறுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. கடைசியில் அம்மாதான் டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலோடு ஏறுவார். வீசிங் உள்ளவர், சார்ஜ் ஏறுகிற பேட்டரியின் ஆசிட் நெடியில் மூடியைத் திறந்துகொண்டு.

அதனால் உங்கள் வீட்டுக்கு லித்தியம்தான். கடைக்காரர் சொன்ன நாலாயிரத்துக்காக இல்லை. தரைத்தளம், காற்றோட்டமில்லாத இடம், கவனிக்க ஆளில்லை, இருக்கிற ஒருவருக்கு மூச்சுத் தொல்லை என்பதற்காக. பதினைந்து கிலோவுக்குள்தான் இருக்கும், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு சுவரில் மாட்டுங்கள். வீடு மாறினால் ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். இதே கேள்வியை முதல் மாடியில் பால்கனி வைத்து, ரிடையர் ஆன அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் எதையாவது துடைத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர் கேட்டிருந்தால், யோசிக்காமல் ட்யூபுலர் என்றிருப்பேன். மிச்சமாகிற காசில் ஃபேன் வாங்கச் சொல்லியிருப்பேன்.

வாங்கும்போது, பழைய இன்வெர்ட்டரிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதில் லித்தியத்துக்கு செட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். ஈய பேட்டரிக்கான சார்ஜர் லித்தியத்துக்குத் தோதாக இருக்காது, பி.எம்.எஸ். பாதியில் கட் செய்துகொண்டே இருக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் அதையும் மாற்றுங்கள். அதில் ஆவி மிஷின் மோட்டார் முனகும், சூடாகும். லைன் கரண்ட் மாதிரியே கொடுக்கிற சைன் வேவ் வேண்டும். வாரண்டி அட்டையில் எத்தனை வருஷம் முழுசாக மாற்றிக்கொடுப்பார்கள், எத்தனை வருஷம் விலையில் கழிவு மட்டும் என்று பிரித்துப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது இரண்டையும் கூட்டியது.

அம்மாவின் மிஷினுக்கு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கையடக்கமாக, பவர் பேங்கிலோ சின்ன பேட்டரி செல்லிலோ ஓடுகிற நெபுலைசர்கள் வருகின்றன. டாக்டரிடம் அம்மாவின் மருந்துக்கு அது ஒத்துவருமா என்று கேட்டு ஒன்று வாங்கி வையுங்கள். 2016 வர்தா புயலிலும் 2023 மிக்ஜாமிலும் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு எந்த பேட்டரியும் ஈடுகொடுக்காது. ஃபேனையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரு பல்பும் போன் சார்ஜும் மட்டும் என்றால் இரண்டு நாள் இழுக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் தெருவில் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்துத் தண்ணீரில் இறங்குவோம். ஆனால் இன்வெர்ட்டர் அந்த நொடியிலேயே முழித்துக்கொண்டு வீட்டு லைனுக்கு 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். கீழே இருக்கிற பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் தண்ணீருக்குள் கரண்ட் இருக்கும். மெயினை அணைத்தால் போதாது, தண்ணீர் வாசல்படியைத் தொடும்போதே இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். புதிதாக மாட்ட வருகிற எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, இன்வெர்ட்டர் லைனில் கீழ்மட்ட பிளக் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த லைனுக்குத் தனியாக ஒரு ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற சுவிட்ச்) போடச் சொல்லுங்கள்.

பழைய பேட்டரியைத் தெருவில் வருகிறவரிடம் எடைக்குப் போடாதீர்கள். ஆசிட்டை நம் கால்வாயில் கவிழ்த்துவிட்டு, ஈயத்தை எங்காவது கொட்டகையில் உருக்குவார்கள். அந்தப் புகை குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். மத்திய அரசின் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிக்கிற கம்பெனியின் பொறுப்பு. நீங்கள் வாங்கப் போவது லித்தியம் என்றாலும் பேட்டரிக் கடையில் ஈயத்தைக் கழித்துக்கொள்வார்கள். என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பது பில்லில் தனி வரியாக இருக்கட்டும்.

அன்புடன்.