ஆதாயமே இல்லாமல் பிறர் பொருளை ஏன் சேதப்படுத்துகிறார்கள்?

தெருவில் நிறுத்திய கார்களை இரவோடு இரவாகக் கீறிவிட்டுப் போகிறவர்களுக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்றும், உரிமையாளரை அது எப்படிப் பாதிக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழிவாங்கல், சலிப்பு, நண்பர்கள் முன் காட்டும் வீம்பு ஆகியவை வழக்கமான காரணங்கள்; ஆனால் கேட்க ஆளில்லை என்ற எண்ணமே அவற்றுக்குத் துணிவு தருகிறது என்பேன். 1969-இல் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ, நம்பர் பிளேட் இல்லாத கார் ஒன்றை முன்மூடியைத் திறந்துவைத்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நிறுத்தியபோது, பத்து நிமிடத்துக்குள் பேட்டரியையும் ரேடியேட்டரையும் கழற்றியது தாய், தந்தை, மகன் என்று வந்த ஒரு குடும்பம் (ரவுடிக் கூட்டம் அல்ல). பெறுமானமுள்ளவை ஒரே நாளில் தீர்ந்தபின், வெறுமனே நொறுக்குவது தொடங்கியது. கேட்க ஆளுண்டு என்ற உணர்வு இருந்த கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் அதேபோல் நிறுத்திய காரையோ ஒரு வாரத்துக்கு மேல் எவரும் தொடவில்லை.

பாதிக்கப்பட்டவரை முதலில் வருத்துவது பணம் அன்று. திருட்டுக்காவது காரணம் புரியும். இங்கே செய்தவரும் தெரியாமல், செய்த காரணமும் தெரியாமல், அக்கம்பக்கத்தார் அனைவர் மீதும் சந்தேகம் படர்கிறது. செலவும் லேசானதல்ல: இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது) மட்டும் வைத்திருப்பவருக்கு இதற்கு இழப்பீடு கிடையாது, முழுக் காப்பீடு உள்ளவரும் கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போய்விடும் என்று, பெரும்பாலும் கைக்காசு போட்டே பெயின்ட் அடித்துக்கொள்கிறார்.