கொலஸ்ட்ரால் குறைந்ததால் மனம் சோர்ந்ததா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாரடைப்புக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாகக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்துவருகிறேன். போன ஆண்டு 170 இருந்த மொத்தக் கொலஸ்ட்ரால், அதே மாத்திரையில் இப்போது 130. ஐந்தாறு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கொழுப்பைக் குறைத்தால் மூளை வாடிப்போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் மருத்துவன் இல்லை, ஆனாலும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு கண்ட இதயத்துக்கு அந்த மாத்திரை ஒரு காவல்.

வீடியோவில் சொன்னதில் பாதி உண்மை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய 20 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. பெரும்பகுதி நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில். மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரோடோனினை ஏற்கும் புரதங்கள் சரியாக வேலை செய்யவும் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் வேண்டும். ஆனால் அந்தக் கொலஸ்ட்ரால் ரத்தத்திலிருந்து வருவதில்லை. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் துகள்களை, மூளையைக் காக்கும் தடுப்பு உள்ளே விடாது. தனக்கு வேண்டியதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 130-ஐ வைத்து மூளையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட முடியாது.

இந்தப் பயம் சும்மா முளைத்ததும் இல்லை. 1990-இல், கொலஸ்ட்ராலைக் குறைத்த பழைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தற்கொலை, விபத்து, வன்முறையால் நேர்ந்த மரணங்கள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. 1992-இல் ஹைமன் எங்கல்பெர்க் என்ற மருத்துவர் இதைச் செரோடோனினோடு இணைத்து ஒரு கருதுகோளை முன்வைத்தார். அப்புறம் பெரிய ஸ்டாட்டின் சோதனைகள் வந்தன. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவியச் சோதனையில் மட்டும் 4,444 இதய நோயாளிகள். அத்தகைய மரணங்கள் அதில் கூடவில்லை. மாத்திரைக்குப் பிறகு உறக்கமோ மனநிலையோ மாறியதாகச் சொல்பவர்கள் உண்டு, அவர்களை நான் மறுக்க மாட்டேன். அப்படி உங்களுக்கும் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றிப் பார்ப்பார்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று. மாத்திரை அதேதான், மூன்று ஆண்டுகளாக மாறவில்லை. இந்த ஐந்தாறு மாதத்தில் குறைந்தது உங்கள் சாப்பாடு. மனச்சோர்வு பசியைக் கொல்லும். பசி போனால் எடை போகும், கூடவே கொலஸ்ட்ராலும் இறங்கும். குறைந்த கொலஸ்ட்ராலையும் மனச்சோர்வையும் சேர்த்துக் கண்ட பல ஆய்வுகளில் எது முன்னால் வந்தது என்பதே சிக்கல். உங்கள் விஷயத்தில் சோர்வுதான் முன்னால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் கொலஸ்ட்ரால் இறங்கும், எடை குறையும், உறக்கம் கெடும். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. அது இதயத்தையும் மேலும் வாட்டும். நீங்கள் எழுதியிருக்கும் அதிகாலை விழிப்பு, பசியின்மை, எதிலும் ஒட்டாத மனம் மூன்றும் மனநல மருத்துவர்கள் முதலில் கேட்கும் அடையாளங்கள். இதய மருத்துவரிடம் மார்புவலியைச் சொல்வதுபோல இதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். இதய நோயாளிகளுக்கு ஏற்ற மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன, பேச்சுச் சிகிச்சையும் இருக்கிறது.

அந்த மூன்று மணி விழிப்பில், வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறதா? அப்படியென்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்லுங்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எதிர்பார்த்திருப்பேன்.