ஆப்பிள் மரம்: வெட்ட வெட்ட ஏன் போத்து விடுகிறது?

கேள்வி: லண்டன் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கம் பழைய ஆப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. காய் பெரிதாக, பச்சையாக, நல்ல புளிப்பாக இருக்கும். கூரையைத் தொட்டுவிட்டதே என்று ஜனவரியில் ஆளை வைத்துப் பாதிக்கு வெட்டினோம். இப்போது ஜூலை, வெட்டிய இடமெல்லாம் ஆள் உயரத்துக்குக் கம்பு கம்பாய்க் கிளம்பியிருக்கிறது. காயோ பத்துக்கூடத் தேறாது. வரும் குளிர்காலத்தில் இன்னும் கீழே வெட்டலாமா?

பதில்: வேண்டாம். வெட்டினால் இதேதான் மறுபடி நடக்கும், இன்னும் மூர்க்கமாக. மேலே பாதி போனாலும் கீழே வேர் முழுசாக இருக்கிறது. வேரிலும் தண்டிலும் சேர்ந்திருந்த உணவெல்லாம், மிச்சமிருந்த கொஞ்ச மொட்டுகளுக்கே போய்விட்டது. அதுதான் இந்த நீர்ப்போத்துகள். காய் இல்லாததற்கும் காரணம் அந்தக் கவாத்துதான். ஆப்பிளின் பூமொட்டு முந்தின கோடையிலேயே உருவாகிவிடும், பெரும்பாலும் இரண்டு வயது தாண்டிய கிளைகளில். ஜனவரியில் அதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

மரத்தை அடக்கக் கோடைதான் நேரம். இலையோடு போத்தை எடுக்கும்போது மரம் சேமிக்கும் உணவும் குறைகிறது, மறுபடி துளிர்ப்பதும் மட்டுப்படும். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் செய்யுங்கள். ஒவ்வொரு வெட்டைச் சுற்றிக் கிளம்பியதிலும் வெளிப்பக்கம் சாய்ந்த ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை அடியோடு எடுங்கள். கொஞ்சம் குச்சி விட்டு வெட்டினால் அதிலிருந்து நாலாய் வரும். இளசாக இருப்பதைக் கையாலேயே கீழ்நோக்கி இழுத்துப் பிய்க்கலாம். அடி மொட்டும் கூடவே வந்துவிடும்.

விட்டு வைத்ததன் நுனியைக் கிள்ளாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பிராம்லி என்ற சமையல் ஆப்பிளாக இருக்கலாம் (ஊறுகாய்க்குத் தோதான காய், வீணாக்காதீர்கள்). பிராம்லி கிளை நுனியிலும் காய்க்கும் ரகம். நுனியை வெட்டுவதைவிட, கயிறு கட்டிக் கிளையைக் கிடைமட்டமாகச் சாய்த்து விடுவதே மேல். நிமிர்ந்த கிளை வளரத்தான் பார்க்கும், சாய்த்துவிட்டால் காய்க்கத் தொடங்கும்.

சரி, உயரத்தை என்ன செய்வது? அதற்கு மூன்று குளிர்காலமாவது ஆகும். இலை உதிர்ந்தபின், மார்ச் தொடக்கத்துக்குள், முதலில் காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை எடுங்கள். அப்புறம் உயரமான பெருங்கிளை ஒன்றை, கீழேயுள்ள தடித்த பக்கக்கிளை வரை குறைக்கலாம். ஒரு வருடத்தில் மரத்தின் கிளைப்பரப்பில் இருபது சதவீதத்தைத் தாண்டாதீர்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்த வளையம் ஒன்று தெரியும். அதற்குச் சற்று வெளியே ரம்பத்தை வையுங்கள், அந்த வளையம்தான் காயத்தை மூடும். மேலே பெயின்ட் பூச வேண்டியதில்லை. உருண்டு, லேசான ரோமத்தோடு இருப்பது பூமொட்டு; ஒல்லியாகக் கிளையோடு ஒட்டியிருப்பது இலைமொட்டு. பார்த்து வெட்டுங்கள்.

இரண்டு வருடத்துக்கு மரத்தடியில் தழைச்சத்து உரம் வேண்டாம். புல்தரைக்குப் போடும் உரமும் வேருக்குத்தான் போகும், மரத்தைச் சுற்றியுள்ள புல்லுக்கு அதைப் போடாதீர்கள்.