பொங்கல் வந்தால் புல்லட்டில் கிளம்பிவிடுகிறார்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 43. வேலூர் பக்கத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது ஒரு வங்கியில் காவலாளியாக இருக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

அவர் சர்வீசில் இருந்த காலத்தில் பொங்கலுக்கு வீட்டில் இருந்தது அபூர்வம். வருஷத்துக்கு இரண்டு மாசம் லீவு உண்டு, ஆனால் எப்போது கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் ஆடியில் வருவார், இன்னொரு வருஷம் ஐப்பசி மழையில் வருவார். நான் குறைப்பட்டுக்கொண்டதில்லை. "ரிட்டயர் ஆகி வந்துட்டேன்னா எல்லாப் பொங்கலும் நமக்குத்தான்" என்று போனில் சொல்வார். அதை நம்பித்தான் தனியாகக் கோலம் போட்டேன், தனியாகப் பானை வைத்தேன்.

வந்ததும் ராணுவக் கேன்டீன் மூலமாக ஒரு புல்லட் எடுத்தார். முன்னாள் ராணுவத்தினர் சேர்ந்து நடத்தும் பைக் குழு ஒன்றில் சேர்ந்தார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலகிரி, ஜவ்வாது மலை என்று போய் வருவார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுடைய பெரிய கூடுகை குளிர்காலத்தில், சரியாகப் பொங்கல் சமயத்தில். ஜனவரி 13 விடிகாலையில் நீலகிரிக்குக் கிளம்புகிறார்கள். 14ஆம் தேதி முன்னாள் படைவீரர் தினமாம். காலையில் வெலிங்டன் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், அப்புறம் ஊட்டியில் முன்னாள் ராணுவத் தளபதி மானெக்‌ஷா கல்லறை, ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்து படாகானா என்கிற கூட்டு விருந்து. 15ஆம் தேதி இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறார்.

ஓய்வு பெற்ற முதல் வருஷம் மட்டும் வீட்டில் இருந்தார். வாசலில் அடுப்புக்குச் செங்கல் அடுக்கப் போனார். என் தம்பி, "நீங்க உட்காருங்க மாமா, உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் வருஷா வருஷம் செய்யறதுதானே" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கரும்பு கட்டுவது கொழுந்தனார், படையல் மாமியார். இவர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். பால் பொங்கும்போது கூப்பிட்டுத்தான் வந்தார். அதற்கு அடுத்த இரண்டு பொங்கலும் நீலகிரிதான். இந்த வருஷத்துக்கும் வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்கிவிட்டது.

வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில். அந்தக் குழுவிலிருந்து போன் வந்தால் இந்தியும் தமிழுமாகச் சிரிப்பு. வரிசையில் கடைசி வண்டி இவருடையதாம், யாருக்காவது பஞ்சர் ஆனால் நின்று பார்ப்பது இவர் பொறுப்பாம், அதைப் பெருமையாகச் சொல்கிறார். ராத்திரி இரண்டு பெக் ரம் குடிப்பார், சண்டை சச்சரவு கிடையாது. "அப்பாவுக்கு நம்மளைவிட அவங்கதான் முக்கியமாம்மா?" என்று மகள் கேட்டாள். போன வாரம் நானும், "இந்தப் பொங்கலுக்கும் போனீங்கன்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றுமே பேசவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

---

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பொங்கலும் நமக்குத்தான் என்று அவர் கொடுத்த வாக்கை நம்பி நீங்கள் இத்தனை வருஷம் வீட்டைத் தாங்கியிருக்கிறீர்கள். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். போனவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். ஸ்கூல் ஃபீசும் மாமனாரின் கடைசிக் காலமும் ஒழுகும் கூரையுமாக ஊரில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு யாரும் பதக்கம் குத்துவதில்லை. அதனால் "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று நான் எழுதப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தச் செங்கல் விஷயத்தைத்தான். உங்கள் தம்பி பாசத்தில்தான் செய்தார், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கணவருடைய பக்கத்திலிருந்து அந்தக் காலையைப் பாருங்கள். எத்தனையோ வருஷம் காத்திருந்து, தன் வீட்டு வாசலில், தன் கையால் அடுப்பு போடப் போகிறார். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. கரும்புக்கும் ஆள் இருக்கிறது, படையலுக்கும் இருக்கிறது. அவர் இல்லாமலேயே நடக்க உங்கள் வீடு பழகிக்கொண்டது. பழகாமல் இருந்திருந்தால் குடும்பம் ஓடியிருக்காது. ஆனால் திரும்பி வந்தவருக்கு அங்கே கிடைத்தது விருந்தாளியின் நாற்காலி.

பைக் குழுவில் அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. கடைசி வண்டி என்பது லேசான பொறுப்பு இல்லை. அனுபவமும் பொறுமையும் உள்ளவரிடம்தான் அதைக் கொடுப்பார்கள். முன்னால் போகிற அத்தனை பேரும் "பின்னால் அவர் இருக்கிறார்" என்ற தைரியத்தில்தான் மலை ஏறுகிறார்கள். அந்த மரியாதைதான் அவரை இழுக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் மேலும் மகள் மேலும் பாசம் குறைந்ததற்கான அடையாளம் எதையும் உங்கள் கடிதத்தில் நான் பார்க்கவில்லை.

தேதி மோதுவதற்கும் காரணம் உண்டு. முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றார், அதனால் அது முன்னாள் படைவீரர் தினம். அவர் பொறுப்பேற்றது 1949 ஜனவரி 15, அது ராணுவ தினம். அதற்கு முன்னால் டிசம்பர் 7 கொடி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போரின் வெற்றி நாள். நமக்கு மார்கழியும் தையும் பண்டிகைக் காலம் என்றால், படையில் இருந்தவர்களுக்கும் அதே குளிர்காலம்தான் நினைவுகளின் காலம். உயிரைக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லிக் கண் கலங்க, அந்தப் பெயர்களை அறிந்த நாலு பேர் பக்கத்தில் வேண்டும். அதை வீட்டில் எதிர்பார்க்க முடியாது.

அதனால் "நானா, அவர்களா" என்ற கேள்வியை வைக்காதீர்கள். அம்மா வீட்டுக்குப் போவேன் என்றதற்கு அவர் பேசாமல் இருந்ததை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் பதில் இல்லாமலும் இருக்கலாம். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். அவர் வண்டி கழுவும்போது பக்கத்தில் போய் நின்று, வாளித் தண்ணீரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசுங்கள். ரம் குடிக்கும் நேரத்திலும் மாமியார் முன்னிலையிலும் வேண்டாம். "நீங்க அங்க இருந்தப்போ பொங்கலுக்கு என்ன செய்வீங்க?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அப்புறம் உங்களுடையதையும் சொல்லுங்கள். "நீங்க சொன்னதை நம்பிக் காத்திருந்தேன், அது எனக்கு வலிக்குது" என்று சொன்னாலே போதும். பழைய கணக்கெல்லாம் அன்றைக்கே தீர்க்கப் பார்க்காதீர்கள்.

தம்பியிடமும் கொழுந்தனாரிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். இந்த வருஷம் அடுப்பு அவருடையது. செங்கல் கோணலாக இருந்தாலும் யாரும் திருத்தக் கூடாது. பானை லேசாகச் சாய்ந்தால்தான் என்ன? இதே மாதிரி வீட்டு முடிவுகளிலும் அவருக்கு உண்மையான இடம் வேண்டும். மகள் மேற்கொண்டு என்ன படிப்பது, கூரையை எப்போது பிரிப்பது என்பதையெல்லாம் நீங்கள் தனியாகவே முடிவு செய்து பழகியிருப்பீர்கள். முடிவெடுத்த பிறகு தகவல் சொல்வதை விட்டு, எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். இது உங்களுக்குச் சுலபமாக இருக்காது, தெரியும்.

தேதியைப் பற்றி அவர் வழியாகக் குழுவிடமே கேட்கலாம். அங்கே இருக்கிற மற்றவர்கள் வீட்டிலும் இதே வருத்தம் இருக்கும், நிச்சயமாக. மானெக்‌ஷா 1971 வங்கதேசப் போரில் படையை நடத்தியவர். அவர் கல்லறைக்குப் போக டிசம்பர் 16ஐவிடப் பொருத்தமான நாள் உண்டா? நீலகிரிப் பயணத்தை அதற்கு மாற்றலாம். ஜனவரி 14 காலையில் வேலூரிலேயே அஞ்சலி செலுத்தலாம். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. சொந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு மாலை போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம். பொங்கல் 15ஆம் தேதி வரும் வருஷங்களில் இரண்டுமே தடையில்லாமல் நடக்கும்.

இந்தத் தடவை ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது, மாற்ற முடியாது என்றால், 14ஆம் தேதி காலை மலர்வளையம் வைத்ததும் அவர் மட்டும் கிளம்ப முடியுமா என்று கேளுங்கள். வெலிங்டனிலிருந்து உங்கள் ஊர் 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இரவோடு இரவாக வரச் சொல்லாதீர்கள், தைப்பனியில் தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து.

நீங்களும் மகளும் அந்தக் குழுவுக்குள் போவதும் ஒரு வழி. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் இப்படித்தான் மோட்டார் சைக்கிள் குழுக்களில் ஆறுதல் தேடினார்கள். 1947இல் மரைன் படையின் ரிசர்வ் பிரிவினர் லாஸ் ஏஞ்சலிஸில் கிறிஸ்துமஸுக்காக ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை திரட்ட ஆரம்பித்தார்கள். பின்னாளில் பைக் குழுக்களும் அதில் சேர்ந்துகொள்ள, குளிர்காலத்தில் பொம்மை ஊர்வலம் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. அப்படி ஒன்றை இங்கேயும் செய்யலாம். படாகானாவை ஒரு வருஷம் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற மனைவிகளைச் சந்திப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

இன்னொன்று. கடிதத்தை வைத்து அவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் சிலவற்றைக் கவனியுங்கள். தூங்குவதற்காகக் குடிக்கிறாரா, இரண்டு பெக் மூன்றாகிறதா, தூக்கத்தில் அலறுகிறாரா, வெடிச் சத்தத்துக்கு உடம்பு நடுங்குகிறதா? நண்பர்களுடன் போவதைக்கூட நிறுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்தால் அது இன்னும் கவலைக்குரியது. அப்போது தள்ளிப்போடாமல் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் கேட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அவருக்காக மட்டுமில்லை, உங்களுக்கு மனசு தாங்காத நாளிலும் கூப்பிடுங்கள்.

மகளின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அப்பாவிடமே கேட்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு நல்ல சமயம், குழு அடுத்த ஞாயிறு ஏலகிரிக்குக் கிளம்பும்போதுதான். அவளுக்கு ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்து, அந்தக் கடைசி வண்டியின் பின்சீட்டில் ஏற்றி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்