கப்பல் இருக்கிறது, தவணை எங்கே?

கேள்வி: விண்வெளியில் சரக்குக் கப்பல் ஓட்டுகிற ரோல்பிளேயிங் (ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் ஆடும்) விளையாட்டு ஒன்றை ஐந்து நண்பர்கள் ஆடுகிறார்கள், கதையை நடத்துவது நான். நாலே மாதத்தில் அவர்களிடம் பணம் குவிந்துவிட்டது, எந்த வேலையைக் கொடுத்தாலும் 'நமக்கு எதற்கு வம்பு' என்கிறார்கள். போதாததற்குப் பாதி நேரம் விலைப்பட்டியல் கணக்கிலேயே போகிறது, இரண்டு பேர் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். கொள்ளையர்களை அனுப்பிப் பணத்தைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். அதற்குப் பிறகு என் ஆட்கள் கிடைத்த காசையெல்லாம் துப்பாக்கி வாங்கிப் போட்டுவிட்டு, துறைமுகத்தில் எதிரே வருகிறவனையெல்லாம் முறைக்கத் தொடங்கினார்கள், கதை அங்கேயே படுத்துவிட்டது. பணத்தை நீங்கள் பறிக்கக் கூடாது, மாதாமாதம் அது தானாகக் கரைய வேண்டும்.

1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ரோல்பிளேயிங் விளையாட்டின் பழைய விதிகளைப் பாருங்கள். 200 டன் வணிகக் கப்பலின் விலை 3,70,80,000 கிரெடிட் (அந்த விளையாட்டின் நாணயம்). பெரும்பாலும் கடனில்தான் வாங்குவார்கள்: விலையில் 240-இல் ஒரு பங்கு மாதத் தவணை, 480 மாதம், அதாவது 40 வருடம். தவணை 1,54,500. ஒரு தாவலுக்கு (ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாய்வதற்கு) ஒரு வாரம், ஏற்றி இறக்க ஒரு வாரம் என்றால் மாதத்துக்கு இரண்டு நடை. சரக்கறை 82 டன், டன்னுக்கு 1,000 வாடகை, ஓர் அங்குலம் காலியில்லாமல் அடைத்தாலும் 1,64,000 தான். மிச்சம் 9,500. சுத்திகரித்த எரிபொருள் டன் 500. தாவலுக்கு 20 டன் வீதம் இரண்டு நடைக்கு 20,000 ஆகும், கட்டுப்படியாகாது. சுத்திகரிக்காதது டன் 100, 4,000-இல் முடிந்துவிடும், ஆனால் எஞ்சின் மக்கர் பண்ணலாம், கப்பல் திசை தப்பி எங்கேயோ போய் நிற்கலாம். சரி, துணிந்து அதையே ஊற்றினாலும் கையில் நிற்பது 5,500. பைலட் சம்பளம் 6,000!

அந்த 500 கிரெடிட் பள்ளம்தான் உங்களுக்கு வேண்டியது. முதல் வகுப்பில் ஒரு பயணியை ஏற்றினால் 10,000 வரும், அப்போது 'பெயர் கேட்காதீர்கள், ஜன்னல் இல்லாத அறை கொடுங்கள்' என்று ஒருவர் வந்து நின்றால் அவரை எப்படி வேண்டாம் என்பார்கள்?

பணம் குவிந்ததற்கு அநேகமாகக் காரணம் வாடகைச் சரக்கு இல்லை, சொந்தமாக வாங்கி விற்கிற வியாபாரம். லாபம் கொட்டுகிற இரண்டு கிரகங்களைக் கண்டுபிடித்து அவற்றுக்கு நடுவிலேயே போய்வந்து கொண்டிருப்பார்கள் (எல்லாக் குழுவும் செய்வதுதான்). ஒரே சரக்கோடு அதே கிரகத்துக்கு இரண்டாம் முறை வந்தால், விற்பனை விலையை முடிவு செய்ய உருட்டும் பகடை எண்ணில் ஒன்றைக் குறையுங்கள், மூன்றாம் முறை இரண்டு. டிராவலர் உலகத்தில் செய்தியும் கப்பலில்தான் போகிறது, கப்பலை முந்தி எதுவும் போகாது, அதனால் அவர்கள் கையில் இருக்கிற விலை எப்போதுமே பழைய விலை.

அப்புறம் கணக்கு. அதில் ருசி உள்ள ஒருவரிடம் பேரேட்டைக் கொடுத்து, வாங்கல் விற்றலை அடுத்த சந்திப்புக்குள் உங்களோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேஜையில் ஒரு பகடை, ஒரு காட்சி, அவ்வளவுதான். சுங்க அதிகாரி பன்னிரண்டு பெட்டிகளை எடை போடுகிறார், ஏழாவது பெட்டி மட்டும் 40 கிலோ கூடுதல், அவர் ஒன்றும் பேசாமல் பேனா மூடியைத் திறக்கிறார். போன்கள் தானாகப் பைக்குள் போய்விடும்.

கேள்வி: ஒவ்வொரு கிரகத்துக்கும் தனி நாணயம் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். மாற்று விகிதம் பார்த்தே மாலை போய்விடும். ஆசையாக இருந்தால் ஒரே ஒரு கிரகத்தில் மட்டும் கிரெடிட் செல்லாது என்று வையுங்கள்.

கேள்வி: கோடிக்கணக்கில் செலவாகும் விண்கப்பலில் யாராவது தானியம் ஏற்றுவார்களா?

பதில்: நல்ல சந்தேகம். அதே பழைய விதிகளில் தானியத்தின் அடிப்படை விலை டன் 300, வாடகையோ டன் 1,000. சரக்கைப் போல மூன்று மடங்குக்கு மேல் கூலி கொடுத்து ஒருவர் அனுப்புகிறார் என்றால் அந்தப் பக்கம் பஞ்சம், இல்லையென்றால் மூட்டைக்குள் இருப்பது தானியம் இல்லை. எது என்று உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.